பவனி நிற்காத வீடு

மருதமுனை
12.01.2025

அஸ்ஸலாமு அலைக்கும்.

அன்புத் தம்பி றிபாத்துக்கு ராத்தா எழுதுறது. நானும் ஹமீட் மச்சானும் புள்ள றிஸ்னாவும் அல்லாஹ்ட உதவியால சுகம். உன்ட இருமல் குறஞ்சிட்டா? குடுத்துவிட்ட போர்வ கைக்கு வந்து சேந்ததா?

உம்மாட சுகத்தக் கடைசியா எழுதுவம் என்டுதான் பார்த்தன். ஆனா அதச் சொன்னாத்தான் மத்ததெல்லாம் விளங்கும். போன மாசம் குளியலறையில வழுக்கி விழுந்திட்டா. இடுப்பெலும்பு உடஞ்சி, ஒப்பரேசன் செஞ்சி, இப்ப கட்டில்ல. தூக்கி இருத்த ரெண்டு பேர் வேணும். அதாலதான் நான் உன்னப் பார்க்க வரல்ல. இனியும் கொஞ்ச நாளைக்கு வர ஏலாது. கடிதத்தால கதைப்பம்.

இப்ப நல்ல விசயம் ஒண்டு. கொழும்பிலிருந்து மேஜர் ஹேரத் போன் எடுத்தார். நம்மட மூத்தவன் றாஸிக் காக்கா ஆமியில இருக்கக்குள்ள அவருக்கு மேல இருந்தவர். வன்னியில கண்ணிவெடியில காக்கா மௌத்தானப்ப, ஜனாஸாவோட வந்து மையவாடியில நின்டு அழுதாரே, அவர்தான். இப்ப ஓய்வு. ஒவ்வொரு மே மாசமும் யுத்தத்தில செத்த ஆமிக்காரங்கட ஞாபகத்துக்கு கொழும்பிலிருந்து பொத்துவில் மட்டும் மோட்டார் சைக்கிள்ல பவனி வாறாங்களாம். அதில சேருற உதவிய அந்தக் குடும்பங்களுக்குக் குடுக்கிறாங்க. இந்த முறை வழியில இருக்கிற வீடுகள்ல நின்டு போகப் போறாங்க. நம்மட வீட்டிலயும். உம்மாட நிலமையச் சொன்னன். சில்லுக் கதிரை ஒண்டு கொண்டு வாறம் என்டார்.

எனக்கு வேற ஒரு நினைப்பும் இரிக்கு. அவர் முன்னுக்கு இருக்கக்குள்ள உன்னப் பத்திக் கதைக்கப் போறன். 'காக்கா நாட்டுக்காகச் செத்தான். தம்பி மோட்டார் சைக்கிள் திருத்துறவன். கராச்சுக்கு வந்த ஒருத்தன்ட பைக்கத் திருத்திக் குடுத்தான். அவன் பிறகு 2019ல குண்டு வெச்ச கூட்டத்தில இருந்தான் என்டதுக்காக, அவன்ட போன்ல இவன்ட நம்பர் இருந்ததுக்காக, இவன் இன்னும் உள்ளுக்கு இரிக்கான்' என்டு. ஆமிக்காரர் ஒருத்தர் சொன்னா கேப்பாங்கதானே.

துஆவுடன்,
ராத்தா றுகையா

●

சிறைச்சாலை
06.02.2025

அன்பின் ராத்தா அவர்களுக்கு, வஅலைக்கும் முஸ்ஸலாம்.

உங்கள் கடிதம் வாசிக்கப்பட்டு, முத்திரை குத்தப்பட்டு என் கைக்கு வந்தது. போர்வையும் வந்தது. இருமல் இரவில் மட்டும்தான்.

உம்மா விழுந்ததை வாசித்த அன்று என்னால் சாப்பிட முடியவில்லை. அவவைத் தூக்கும்போது கக்கத்தில் கை கொடுத்துத் தூக்காதீர்கள். முதுகுக்குப் பின்னால் துணியை மடித்துக் கொடுத்துத் தூக்குங்கள். பாரமான இஞ்சினை அப்படித்தான் இறக்குவோம். உம்மாவை இஞ்சின் என்று சொன்னதற்கு அவவே சிரிப்பா, வாசித்துக் காட்டுங்கள்.

பவனி வருவது சந்தோசம். காக்காவுக்கு மோட்டார் சைக்கிள் என்றால் உயிர். லீவில் வரும்போது என் கராச்சில் நின்று, யாருடைய பைக்காவது எடுத்துக்கொண்டு பாண்டிருப்பு வரை ஒரு ஓட்டம் போய்வராமல் வீட்டுக்குள் கால் வைக்கமாட்டான்.

ஆனால் ராத்தா, மேஜரிடம் என்னைப் பற்றி ஒரு வார்த்தையும் கதைக்க வேண்டாம். அது காக்காவின் நாள். உம்மாவுக்குக் கதிரை கிடைக்கட்டும்.

சட்டத்தரணி முனவ்வறா வந்து போனார். ஒரு விசயம் கதைத்தார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். எழுதும் அளவுக்குப் பெரிய விசயமில்லை.

மச்சானுக்கும் மருமகளுக்கும் ஸலாம்.
றிபாத்

●

மருதமுனை
19.03.2025

அஸ்ஸலாமு அலைக்கும்.

தம்பி, நோன்பு எப்படிப் போகுது? சஹருக்கு நேரத்துக்குச் சாப்பாடு தாறாங்களா? இஞ்ச உம்மாவும் நோன்பு பிடிக்கப் போறன் என்டு பிடிவாதம். டொக்டர் மறிச்சிட்டார். இஞ்சின் கதைக்குச் சிரிச்சா. 'அவன் கராச்சுக்காரன், அப்படித்தான் சொல்லுவான்' என்டு ரெண்டு மூண்டு தரம் சொன்னா.

முன் மதிலுக்கு வெள்ள அடிச்சாச்சி. ஆறு வருசமா நம்மட கேற்றுக்குள்ள கால் வைக்காத ஆக்கள் இப்ப கஞ்சிச் சட்டியோட வாறாங்க. பள்ளிவாசல் நிர்வாகத்திலிருந்தும் ரெண்டு பேர் வந்து, பவனிக்காரங்களுக்குக் குளிர்பானம் தங்கட செலவு என்டாங்க. மச்சானுக்கு இதெல்லாம் பிடிக்கல்ல. 'அவன உள்ளுக்குக் கொண்டுபோன அடுத்த நாள் இவங்க எங்க இருந்தாங்க?' என்டார். நான் கதிரை எடுத்துப் போட்டன். வாற ஆக்கள வாசல்ல நிப்பாட்டவா ஏலும்?

றிஸ்னா சிங்களத்தில நன்றி சொல்லப் போறாள். கண்ணாடிக்கு முன்னுக்கு நின்டு பழகுறாள்.

ரெண்டு நாளைக்கு முதல் பொலிஸிலிருந்து வந்து, பாதுகாப்புக்காக என்டு விபரம் எடுத்துக்கொண்டு போனாங்க. வீட்டில யார் யார், சகோதரங்கள் எத்தின, எங்க இரிக்காங்க என்டு. உள்ளதச் சொன்னன். எழுதிக்கொண்டு போனாங்க.

நீ கதைக்க வேணாம் என்டு எழுதினது சரி. ஆனா நான் கதைப்பன்.

ராத்தா

●

கொழும்பு
28.04.2025

திருமதி ஹமீட் றுகையா அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் தாயாரும் நலமாயிருக்க வேண்டுகிறோம்.

எதிர்வரும் மே மாத ரணவிரு (போர்வீரர்) நினைவு மோட்டார் சைக்கிள் பவனி தொடர்பாக எழுதுகிறோம். தங்கள் குடும்ப அங்கத்தவர் ஒருவர் பற்றிக் கிடைத்துள்ள தகவலைக் கருத்திற்கொண்டு, பவனி தங்கள் இல்லத்தில் தரித்துச் செல்லும் ஏற்பாடு கைவிடப்பட்டுள்ளது என்பதை வருத்தத்துடன் அறியத்தருகிறோம். நினைவுச் சின்னமும் சக்கர நாற்காலியும் வேறொரு குடும்பத்திற்கு வழங்கப்படும்.

லான்ஸ் கோப்ரல் றாஸிக் அவர்களின் தியாகம் என்றும் மறக்கப்படாது. அன்னாரின் உருவப்படம் பவனியில் எடுத்துச் செல்லப்படும். பவனி தங்கள் ஊரைக் கடக்கும் வேளையில் குடும்பத்தினர் பிரதான வீதிக்கு வராதிருப்பது சகலருக்கும் நலம்.

ஏற்பாட்டுக் குழுவுக்காக,
மேஜர் ஹேரத் (ஓய்வு)

தங்கச்சி, இந்த வரியை நான் என் கையால் எழுதுகிறேன். என்னால் ஆனதைச் செய்து பார்த்தேன். எனக்கு மேலேயும் ஆட்கள் இருக்கிறார்கள்.

●

மருதமுனை
20.05.2025

அஸ்ஸலாமு அலைக்கும்.

தம்பி, எல்லாரும் சுகம். கடிதம் சுணங்கினதுக்கு மன்னி. வீட்டில ஆக்கள் வாறதும் போறதுமா இருந்தது.

பவனி வந்து போனது. இருநூறு பைக் இருக்கும். சத்தம் கேட்டுக் கடக்கரையில நின்டவங்களும் ஓடி வந்தாங்க. காக்காட படத்த முன்னுக்கு வந்த பைக்ல கட்டி இருந்தாங்க, அந்தத் தொப்பி போட்ட படம். வெயிலுக்குக் கண்ணாடி பளபளத்துக்கொண்டு இருந்தது.

மேஜர் உம்மாட கையப் பிடிச்சிக் கதைச்சார். றிஸ்னா பயப்படாமச் சொல்லி முடிச்சாள். கதிரை வந்தது. உம்மா அதில இரிக்கா.

உன்னப் பத்திக் கதைக்க நேரம் கிடைக்கல்ல. சனம் கூட. பிறகு போன்ல கதைப்பன்.

வேற என்ன எழுத? நீ சுகமா இரு.

ராத்தா

●

சிறைச்சாலை
11.06.2025

அன்பின் ராத்தா அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் எல்லோருக்கும் என் ஹஜ்ஜுப் பெருநாள் வாழ்த்து.

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை வாசித்தேன் என்று தெரியாது. என்னுடன் இருப்பவர்களுக்கும் வாசித்துக் காட்டினேன். இங்கே ஒரு ஜெயிலர் இருக்கிறார். போன மாதம் முதல் கடிதங்களைப் பார்ப்பவர். தமிழ் வாசிப்பார். அவர் என்னிடம் வந்து, "உன் அண்ணன் ரணவிருவா? இவ்வளவு காலமும் சொல்லவே இல்லையே" என்று கேட்டார். அதற்குப் பிறகு என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். இங்கே வந்த பின் பெயர் சொல்லிக் கூப்பிட்ட முதல் ஆள் அவர்தான்.

கதிரையைப் பற்றி எழுதுகிறேன், கவனமாக வாசியுங்கள். முன் சில்லு இரண்டும் சின்னதாக இருக்கும். நமது ஊர் மணல் அதற்குள் போனால் சிக்கிக்கொள்ளும். கிழமைக்கு ஒருமுறை கதிரையைக் கவிழ்த்து, பழைய பல்துலக்கியால் மணலைத் தட்டிவிட்டு, பேரிங்கில் கொஞ்சம் கிறீஸ் வையுங்கள். தேங்காயெண்ணெய் விட வேண்டாம், மணலை இழுக்கும். பிரேக்கின் நெட்டு தளர்ந்தால் மச்சானிடம் இறுக்கச் சொல்லுங்கள். பின் சில்லு காற்றடிப்பதா, முழு றப்பரா? எழுதுங்கள். உம்மாவை மாலையில் கடற்கரைப் பக்கம் தள்ளிக்கொண்டு போகிறீர்களா?

இனி மறைக்க ஒன்றும் இல்லை. முனவ்வறா வந்து ஒரு விசயம் கதைத்ததாக முன்பு எழுதினேன். அது இதுதான். கராச்சுக்கு வந்த அந்த மனிதனின் திட்டம் எனக்கு முன்பே தெரியும், தெரிந்தும் சொல்லாமல் இருந்துவிட்டேன் என்று நான் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டால், இருந்த காலத்தைத் தண்டனையில் கழித்து, இந்த வருடத்துக்குள் விட்டுவிடுவார்கள். உம்மா விழுந்த செய்தி வந்த நேரம். ஒப்புக்கொண்டு வந்துவிடுவோமா என்று பல நாள் யோசித்தேன். தெரியாததைத் தெரியும் என்று ஒரு சொல் சொன்னால் போதும்தானே என்று நினைத்தேன்.

உங்கள் கடிதம் வந்ததும் அந்த யோசனை போய்விட்டது. இருநூறு பைக்குக்கு முன்னால் காக்காவின் படம் போகிறது. நம் வீட்டு வாசலில் வந்து நின்று உம்மாவின் கையைப் பிடிக்கிறார்கள். அந்த வீட்டிலிருந்து ஒருவன் 'ஓம், எனக்குத் தெரியும்' என்று சொன்னால் காக்கா கப்றுக்குள் கிடந்து என்ன நினைப்பான்? போன வழக்குத் தவணையில் முனவ்வறாவிடம் முடிவாக இல்லை என்று சொல்லிவிட்டேன். வழக்கு நடக்கட்டும். எத்தனை வருடம் போனாலும் போகட்டும்.

சந்தோசமாகத்தான் எழுதுகிறேன் ராத்தா. நீங்களும் கவலைப்பட வேண்டாம்.

உங்கள் தம்பி
றிபாத்

●

மருதமுனை
24.06.2025

அஸ்ஸலாமு அலைக்கும்.

றிபாத், உன்ட கடிதம் நேத்து வந்தது. இதுக்கு நான் சுகம் விசாரிச்சு எழுத ஏலாது. இந்தக் கடிதத்த உனக்கு முதல் வாசிக்கிறவங்களும் வாசிக்கட்டும்.

பவனி நம்மட வீட்டுக்கு வரல்ல. கதிரை இல்ல. உம்மா இன்னும் கட்டில்லதான் கிடக்கிறா. மேஜர் உம்மாட கையப் பிடிக்கல்ல. நீ உள்ளுக்கு இரிக்கிறது தெரிஞ்சி, வீட்டுக்கு வர மாட்டம், நீங்களும் றோட்டுக்கு வராதீங்க என்டு கடிதம் போட்டுட்டாங்க. உன்ட மனம் உடஞ்சிரும் என்டு மாத்தி எழுதினன். அது இப்படி வந்து முடியும் என்டு நான் கண்டனா?

அண்டைக்கு என்ன நடந்தது என்டு சொல்றன். மருதமுனையில நிக்க எனக்கு ஏலல்ல. வெள்ள அடிச்ச மதிலப் பார்த்து எல்லாரும் எப்ப வருவாங்க, எப்ப வருவாங்க என்டு கேட்டுக்கொண்டு இருந்தாங்க. முக்காட்ட இழுத்து விட்டுட்டு பக்கத்தூர் பெரியநீலாவணைக்குப் போயிட்டன். அங்க செல்லத்தங்கம் அக்காட வீடு றோட்டோரம். உம்மாவோட முந்தி ஆஸ்பத்திரியில வேல செஞ்சவ. அவட மகன் சுதன் புலிகள் இயக்கத்தில இருந்து, காக்கா மௌத்தான அதே வருசம் செத்தவன். ஒண்டும் கேக்காம வேலியோரம் ஒரு கதிரை போட்டுத் தந்தா.

பைக் வந்தது. காக்காட படம் முன்னுக்கு வரல்ல. நடுவில எங்கயோ, ரிபன் கட்டி. அந்த பைக்க ஓட்டினது சின்னப் பெடியன், இருவத்தி ரெண்டு இருவத்தி மூண்டு வயசு இருக்கும். செல்லத்தங்கம் அக்காட வீட்டுக்கு முன்னுக்கு உள்ள கடையில சோடா குடிக்க நிப்பாட்டினான். காக்கா எனக்குக் கையெட்டுற தூரத்தில. எழும்பிப் போனன்.

"மகன், இது என்ட காக்கா" என்டு எனக்குத் தெரிஞ்ச சிங்களத்தில சொன்னன்.

அவன் ஹெல்மட்டக் கழட்டிட்டுக் கும்பிட்டான். நல்ல பெடியன். "உங்கட சொந்த அண்ணனா, அம்மா?" என்டு கேட்டான்.

"ஓம், எனக்கு மூத்தவன்."

அந்தக் கண்ணாடியில தூசி படிஞ்சிருந்தது. முந்தானையால துடைச்சன். முகத்துக்கு நேர துடைக்கக்குள்ள ஒரு பொலிஸ்காரர் வந்து அடையாள அட்டையக் கேட்டார். பேர வாசிச்சார். போன்ல யாரோடயோ கதைச்சார். கதைச்சிட்டு, "நீங்க இஞ்ச நிக்க ஏலாது, பின்னுக்குப் போங்க" என்டார். பெடியன் என்னமோ சொல்ல வந்தான். அவர் அவனப் பார்த்த பார்வையில ஹெல்மட்டப் போட்டுக்கொண்டான். பைக் போயிட்டு.

வேலிக்குள்ள வந்து இருந்தன். செல்லத்தங்கம் அக்கா தண்ணி தந்தா. "உன்ட ஆளுக்கு படமாவது றோட்டால போகுது புள்ள. என்ட மகன்ட படத்த நான் அலுமாரிக்குள்ள சாறிக்குக் கீழ வெச்சிருக்கன்" என்டா. அவட மகன்ட ஆக்கள் வெச்ச வெடியிலதான் காக்கா செத்தான். அது அவவுக்கும் தெரியும். ரெண்டு பேரும் அந்தத் தண்ணிக் கோப்பையப் பார்த்துக்கொண்டு இருந்தம்.

இதுதான் நடந்தது. நான் எழுதின பொய்ய நம்பி நீ உன்ட வாழ்க்கைய அவங்களுக்குக் குடுக்காத. முனவ்வறாவோட கதைச்சன். அடுத்த தவணைக்கு முதல் நீ மனசு மாறினா இன்னும் கேட்டுப் பார்க்கலாமாம். அவ சொன்னதச் செய். இதுக்கு மேல நான் எழுத ஏலாது.

என்ன மன்னிச்சிரு.
றுகையா

●

மருதமுனை
03.08.2025

அஸ்ஸலாமு அலைக்கும்.

தம்பி, உன்ட பதில் வரல்ல. கடிதம் கிடைச்சதா, இல்ல மறிச்சிட்டாங்களா என்டும் தெரியாது. கோவம் என்டா கோவம் என்டாவது ரெண்டு வரி எழுது.

உம்மாட முதுகில படுக்கைப் புண் வந்திட்டு. ஒவ்வொரு நாளும் உன்னக் கேக்கிறா.

ராத்தா

●

சிறைச்சாலை
17.09.2025

அன்பின் ராத்தா அவர்களுக்கு, வஅலைக்கும் முஸ்ஸலாம்.

உங்கள் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. கோபம் இல்லை. எழுத உட்கார்ந்தால் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

போன கிழமை தவணை. கூண்டில் நின்றேன். சிங்களத்தில் வாசித்தார்கள். மொழிபெயர்ப்பாளர் என் பக்கம் திரும்பி, "குற்றவாளியா, குற்றமற்ற சுற்றவாளியா?" என்று கேட்டார். குற்றவாளி என்றேன். உரத்துச் சொல்லச் சொன்னார்கள். உரத்துச் சொன்னேன்.

இருந்த காலத்தைக் கழித்துவிட்டார்கள். நவம்பர் மாதக் கடைசியில் விடுவார்கள். மற்றதை எழுத முடியாது.

இந்தச் செய்தி வந்த பிறகு அந்த ஜெயிலர் என்னைப் பழையபடி இலக்கம் சொல்லித்தான் கூப்பிடுகிறார். நீங்கள் வருத்தப்பட வேண்டாம் என்றுதான் இதை எழுதாமல் விட நினைத்தேன். ஆனால் இனி நாம் இருவரும் ஒன்றையும் மாற்றி எழுத வேண்டாம்.

என்னை அழைத்துப் போக ஒருவரும் வர வேண்டாம். இரவு பஸ்ஸில் வருகிறேன். பெரியநீலாவணையில் இறங்கிக் கடற்கரையால் நடந்து வந்தால் விடிவதற்குள் பின் வளவால் வந்துவிடலாம். ஊர் எழும்பு முன் வந்துவிடுவேன். பின் கதவை மட்டும் திறந்து வையுங்கள்.

உம்மாவின் புண்ணுக்கு ஒரு பக்கமாகவே கிடத்தாதீர்கள். அடிக்கடி புரட்டிவிடுங்கள்.

றிபாத்

●

மருதமுனை
14.10.2025

அஸ்ஸலாமு அலைக்கும்.

அன்புத் தம்பி, நாங்க சுகம். உம்மாட புண் காஞ்சிக்கொண்டு வருது. மச்சான் பலகையால கட்டிலுக்கு ஒரு சாய்மானம் அடிச்சிக் குடுத்திருக்கார்.

மாத்தி எழுத வேணாம் என்டு சொன்னாய். அப்ப எல்லாத்தையும் எழுதுறன்.

பேப்பர்ல வந்திட்டு. நாலு வரிதான், உன்ட பேரும் ஊரும் போட்டு, 'தெரிந்திருந்ததை ஒப்புக்கொண்டார்' என்டு. கஞ்சிச் சட்டியோட வந்தவங்க இப்ப கேற்றுக்கு வெளியில நின்டு கதைச்சிட்டுப் போறாங்க. 'அவனே சொல்லிட்டானே' என்டு ஒருத்தர் மச்சான்ட முகத்துக்கு நேர சொல்லியிரிக்கார். ஆறு வருசமா அநியாயம் என்டு சொன்னவரும் அவர்தான். றிஸ்னா வகுப்பில முன் வாங்கிலிருந்து கடைசி வாங்குக்கு மாறிட்டாள். யாரும் மாத்தல்ல, அவளாத்தான் மாறினாளாம்.

அந்தப் பேப்பர் உம்மாட காதுக்குப் போகாமப் பார்த்துக்கொண்டன். எப்படியோ போயிட்டு. முந்தநாள் அவவப் புரட்டிவிடக்குள்ள என்ட கையப் பிடிச்சி, மெதுவா ஒண்டு கேட்டா.

"மகள், அவனுக்கு மெய்யாவே தெரியுமா?"

தெரியாது என்டு சொன்னன். சத்தம் போட்டுத்தான் சொன்னன். உம்மாவுக்கு நான் சத்தம் போட்டது அதுதான் முதல் தடவ.

ஆனா றிபாத், அவ கேட்ட உடன எனக்குச் சொல்ல வரல்ல. கொஞ்சம் சுணங்கித்தான் வந்தது. கூடப்பிறந்த எனக்கே. நீ கோட்டில சொன்ன அந்தச் சொல் எனக்குள்ளயும் வந்து குந்தியிருந்திருக்கு. சொல்லச் சொன்னதும் நான்தான்.

நீ பின் வளவால வரத் தேவல்ல. கடக்கரையால நடக்கவும் வேணாம். பகல் பஸ்ஸில ஏறு. பள்ளிவாசலடியில, சனம் நிக்கிற இடத்தில இறங்கு. நான் வந்து நிப்பன். வந்து முதல்ல என்ட முகத்தப் பார்த்து, தெரியாது என்டு ஒருக்காச் சொல்லு. அதுக்குப் பிறகு உம்மாட்டப் போவம்.

வஸ்ஸலாம்.
உன்ட ராத்தா